கை நனைக்கப் போன இடத்தில்

சுந்தரம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சொன்ன பொய்யை அதோடு நிறுத்தத்தான் தெரியாது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிறவர்களுக்குப் பெரிதாக வம்பு வருவதில்லை. இவள் அப்படியா? சொன்ன பொய்க்குக் கை வைப்பாள், கால் வைப்பாள், தலைசீவிப் பூ வைத்து ஊருக்குள் நடமாடவும் விட்டுவிடுவாள். மகன் ஆனந்தன் விஷயத்திலும் அதைத்தான் செய்தாள்.

ஆனந்தனுக்குக் குடலில் வியாதி. வேலூர் ஆஸ்பத்திரியில் அதற்கு 'குரோன்ஸ்' என்று பேர் சொன்னார்கள். அந்தப் பேர் ஜவ்வாது மலையில் யார் வாயிலும் நுழையவில்லை. சுந்தரம்மாள் தன் வசதிக்குக் 'கொடல் புண்ணு' என்று வைத்துக்கொண்டாள். சாப்பிட்டால் வயிறு முறுக்கும். கொல்லைக்குப் போனால் ரத்தம். பொழுது சாய்ந்தால் காய்ச்சல். புளி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போளூர் மண்டிக்குப் போய்வருகிற பிள்ளை, ஒரு வருஷத்தில் சட்டையை மாட்டிய கொடிக்கம்பு மாதிரி ஆகிப்போனான். புருஷனைப் பறிகொடுத்தபின் சுந்தரம்மாளுக்கு இருந்தது இவன் ஒருவன்தான்.

குடலில் ஓர் இடம் வீங்கிச் சுருங்கிக் கிடக்கிறது, அடங்காவிட்டால் வெட்டி எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் ஒரு வழி பார்க்கலாம் என்று உணவு ஆலோசனை சொல்கிற ஷோபனா மேடத்திடம் அனுப்பினார். ஷோபனா மேஜைமேல் ஒரு டின்னை வைத்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு இந்தப் பவுடர் மட்டும்தான் சாப்பாடு. தண்ணியில கலந்து குடிக்கணும். ஒடம்புக்கு வேண்டிய சத்தெல்லாம் இதுல இருக்கு. வீக்கம் அடங்கறதுக்கு இதுவே மருந்து மாதிரி வேலை செய்யும். ஆனா நடுவுல ஒரு வாய் சோறுகூட கூடாது."

சுந்தரம்மாளுக்கு வந்ததே கோபம். "இன்னாம்மா நாயம் இது? பச்சப்புள்ளைக்கே ஆறு மாசத்துல சோறூட்டுறோம். மீச மொளைச்சவனுக்குப் பவுடரா?"

ஆனந்தன் சிரித்துவிட்டான். அவன் ஏற்கெனவே மனசுக்குள் முடிவு கட்டியிருந்தான். பக்கத்துக் கட்டில் கணியம்பாடிக்காரர் இதே பவுடரைக் குடித்து எழுந்து நடந்ததைத் தன் கண்ணால் பார்த்திருந்தான். கத்தி வைக்காமல் தப்பிக்க ஒரு வழி இருக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே என்பது அவன் கட்சி.

முதல் இரண்டு வாரம் வீட்டில் நரகம்தான். சோறு வேகிற வாசனை வந்தால் அவன் எழுந்து ரோட்டுக்குப் போய்விடுவான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், பக்கத்து வீட்டில் அறுத்துவைத்த பலாப்பழத்தில் நாலு சுளையை வாயில் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவனை அமிர்தி வழியாக வேலூருக்கு அள்ளிக்கொண்டு ஓடும்படி ஆனது. சுருங்கிய இடத்தில் நார் சிக்கிக்கொண்டது, இன்னொரு முறை இப்படி வந்தால் நேரே ஆபரேஷன்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆனந்தன் டம்ளரைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பிறகு மெல்ல மெல்ல வலி நின்றது. காய்ச்சல் விட்டது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அவ்வளவு திட்டிய சுந்தரம்மாள் இப்போது பவுடருக்குப் பக்தையாகிவிட்டாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, துணி போட்டு மூடி, கை கழுவிக்கொண்டு வந்து கரண்டியால் வழித்து வழித்து அளப்பாள். ஈ உட்கார்ந்தால் ஈயின் ஏழு தலைமுறையையும் திட்டுவாள். அவள் தம்பி சந்திரன் அவளுக்குப் 'பவுடரம்மா' என்றே பேர் வைத்துவிட்டான்.

இந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தம் கூடிவந்தது. பெண் அருணா. ஜமுனாமரத்தூரில் சாமை அரைக்கிற மில்லில் வேலை. ஆனந்தன் அங்கே மூட்டை ஏற்றப் போகிறவன். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. மலையில் அதெல்லாம் மறைகிற சமாச்சாரமா? அருணாவின் அப்பா கோபால்சாமி காதுக்கும் போயிற்று. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, பையனின் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்து, சரி என்றுவிட்டார். சரி என்றவர் சும்மா இருக்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் கை நனைத்துவிட வேண்டும் என்று நாளும் குறித்துவிட்டார்.

கை நனைப்பதென்றால் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து சாப்பிடுவது. அதுவரைக்கும் அவர்களில் யாரும் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடமாட்டார்கள். பெண்ணின் தாய் பரிமாறி, மாப்பிள்ளை முதல் வாய் எடுத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. எடுக்காமல் எழுந்துவிட்டால் பெண் வேண்டாம் என்று முகத்தில் அடித்துச் சொன்னதுபோல. கோபால்சாமி குறித்த நாளோ ஆனந்தனின் பவுடர் மாதங்களுக்கு நட்டநடுவில் விழுந்தது.

உள்ளதைச் சொல்லி நாளைத் தள்ளிவைத்திருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் சுந்தரம்மாளின் கணக்கு வேறு. குடல் நோய்க்காரனுக்கு எவன் பெண் கொடுப்பான்? ஆனந்தன் அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருகிற களையை அவள் பார்த்திருந்தாள். அது போய்விட்டால் எந்தப் பவுடராலும் திரும்பி வராது. ஆகவே போனை எடுத்தாள், வாயைத் திறந்தாள்.

"அண்ணே, ஒரு சேதி. ஆனந்தன் காளியம்மாவுக்கு வேண்டிக்கினு வெரதம் இருக்கறான். ரெண்டு மாசம் அன்னம் தொடமாட்டான். சத்துமாவு மாரி ஒண்ண மட்டும் கரைச்சிக் குடிப்பான். வந்த எடத்துல நாங்கல்லாம் துன்றோம். அவன மட்டும் வுட்டுடுங்க."

அந்தப் பக்கம் கோபால்சாமி உருகிப்போனார். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு புள்ளையா தங்கச்சி!" என்றார். அந்தப் பாராட்டோடு போனை வைத்திருக்கலாம். இவள் வைக்கவில்லை. கனவில் அம்மன் வந்ததையும், மகன் நெற்றியில் விபூதி பூசியதையும், விடிந்து பார்த்தால் தலையணையில் விபூதி உதிர்ந்து கிடந்ததையும் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

ஆனந்தனுக்கு இது எதுவும் தெரியாது. கை நனைக்கிற அன்றைக்குக் காலையில், லோடு ஆட்டோவில் பாதி மலை கடந்தபிறகுதான் அவள் சொன்னாள். அவன் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டான்.

"இன்னாத்துக்கும்மா பொய் சொன்ன? நானே அருணாகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். நோவு வந்தது தப்பா?"

"தப்பு இல்லடா. ஆனா ஊரு ஒலகம் ஒத்துக்காது. என்மேல ஆணை, நீ இன்னிக்கி வாயத் தொறக்கக் கூடாது. என்னிய மரியாத கெட்டு நிக்க வுட்டுடாத."

ஆனந்தன் வண்டியை எடுத்தான். பின்னால் உட்கார்ந்திருந்த சந்திரன், "அக்கா, நாட்டுக்கோழியா ஆட்டுக்கறியா, எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டான். அவன் கவலை அவனுக்கு.

கோபால்சாமி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் நிறையப் பேர் கூடியிருந்தார்கள். நுழைந்த உடனேயே சுந்தரம்மாளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பந்தலின் நடுவே, கழுத்தில் மஞ்சள் கட்டிய புதுப்பானை. அதில் சாமைப் பொங்கல் ஆவி பறக்க இருந்தது. பக்கத்தில் வேப்பிலை, குங்குமத் தட்டு.

கோபால்சாமி கைகூப்பிக்கொண்டு எதிரே வந்தார்.

"மாப்ள, நீங்க எங்கூட்ல கை நனைக்க முடியலியேன்னு எனுக்கு ராவெல்லாம் தூக்கம் வரல. காலையில காளியம்மா கோயிலுக்குப் போய் பூ கேட்டேன். 'தாயே, புள்ள வெரதத்த இன்னியோட முடிச்சி வெக்கலாமா, உத்தரவு குடு'ன்னு கேட்டேன். வலப்பக்கம் பூ குடுத்துட்டா! அம்மாவே உத்தரவு குடுத்துட்டா! இது அங்கியே பொங்கி அவ முன்னால படைச்சது. இதத் துன்னு வெரதத்த முடிங்க."

அம்மன் தலையில் பூ வைத்துக் கேட்டு, அது வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு என்று எடுத்துக்கொள்வது அங்கே எல்லோரும் நம்புகிற வழக்கம். அதற்குமேல் பேச்சில்லை. சுந்தரம்மாள் தன் பொய்யிலேயே மாட்டிக்கொண்டாள். விரதம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். இப்போது விரதம் இருக்கிறவன் மறுக்கவே கூடாத அம்மன் பிரசாதமே எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டது. வேறு யார் வீட்டுச் சோறாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது?

"அது வந்து... கெடு முடியாம..." என்று இழுத்தாள்.

"அம்மாவே வுட்டுட்டா, அப்பறம் இன்னா கெடு?" என்று கோபால்சாமி சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

ஆனந்தனைப் பாயில் உட்காரவைத்தார்கள். முன்னால் வாழையிலை. அருணாவின் அம்மா செல்லி, மெலிந்த, அதிகம் பேசாத மனுஷி, பொங்கலை அகப்பையில் அள்ளிவந்து இலையில் வைத்தாள். அதன்மேல் பலாச்சுளை நாலு எடுத்துவைத்தாள். மாப்பிள்ளைக்கென்று தோட்டத்தில் பழுக்கவிட்டு வைத்திருந்த பழமாம். கதவோரமாக அருணா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுந்தரம்மாள் மகன் முகத்தைப் பார்த்தாள். இவன் எழுந்து உண்மையைச் சொல்லிவிடப் போகிறான் என்று பயந்தாள். அவன் சொல்லவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்தான். அப்புறம் குனிந்து, சாமைப் பொங்கலைச் சுளையோடு சேர்த்துப் பிசைந்து உருட்டினான். கையை வாய்க்கு எடுத்துப் போனான்.

அடப்பாவி! திங்கப் போகிறான். பெற்றவளின் மானம் போகக்கூடாது என்று குடலைக் கொடுக்கப் போகிறான். சுருண்டு கிடந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அமிர்தி ரோட்டில் போனதெல்லாம் அவள் கண்முன் வந்தது. அதற்குமேல் மானமாவது மண்ணாங்கட்டியாவது!

"டேய்! துன்னாதடா!"

பாய்ந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சோறு சிதறி அவள் புடவையிலும் கோபால்சாமியின் காலிலும் விழுந்தது.

"வெரதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லண்ணே," என்றாள். மூச்சு வாங்கியது. "எம்புள்ளைக்குக் கொடல்ல நோவு. கொல்லைக்குப் போனா ரத்தமா போவும். வேலூர்ல பவுடர் குடுத்துக்கீறாங்க. அதாலதான் வெட்டாம கொள்ளாம பொழச்சி வர்றான். இதத் துன்னா செத்துப் பூடுவான். பொண்ணு குடுக்கமாட்டீங்கன்னு நான்தான் பொய் சொன்னேன். இன்னிக்கிக் காலையிலதான் அவனுக்கே தெரியும். அவன் உண்மையச் சொல்றேன்னுதான் சொன்னான். ஆணை வெச்சி வாயக் கட்டினது நானு."

இத்தனை பேர் நடுவில் பிள்ளை கொல்லைக்குப் போவதைச் சொல்லிவிட்டோமே என்று ஒரு பக்கம் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பிடித்த கையை அவள் விடவில்லை.

கோபால்சாமியின் முகம் சிவந்தது. "நோவு இருந்தா சொல்லவேண்டியதுதான? அம்மா பேர்லியா பொய் சொல்லுவ? நான் போயி, ஈரத்துணியோட நின்னு, பூ கேட்டுக்கினு வர்றேன். அம்மாவும் குடுக்கறா! எல்லாரையும் முட்டாளாக்கிட்டியே!"

சுந்தரம்மாளுக்கு அந்த நிலைமையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க வெரதத்த முடிக்கலாமான்னு கேட்டீங்க. இல்லாத வெரதத்த எப்ப முடிச்சா அவுளுக்கு இன்னா? குடுத்துட்டா. நோவப் பத்திக் கேட்டிருந்தா அவளே எடப்பக்கம் குடுத்திருப்பா."

யாரோ ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். கோபால்சாமி முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

கதவோரத்திலிருந்து அருணா வெளியே வந்தாள். கல்யாணப் பெண் அந்த நேரத்தில் பந்தலுக்குள் வரக்கூடாது. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. நேரே ஆனந்தனிடம் போய், "இப்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல. இப்பல்லாம் வலி இல்ல."

"மில்லுல நான் குடுத்த டீய வாணாம் வாணாம்னு சொன்னியே, இதுக்குத்தானா? நான் என்னிய புடிக்கலியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"ஐயோ, அது இல்ல," என்றான் ஆனந்தன் பதறிப்போய். அவன் பதறியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இலையை அவன் முன்னாலிருந்து தள்ளிவைத்துவிட்டு, சுந்தரம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, நாளைக்கி எனுக்கு ஒரு நோவு வந்தா, என்னியும் இப்பிடித்தான் மறச்சி வெப்பீங்களா?"

கேள்வி சுந்தரம்மாளைச் சுருக்கென்று குத்தியது. மாட்டேன் கண்ணு என்று உடனே சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அது இன்னொரு பொய்யாகிவிடும் என்று அவளுக்கே தெரிந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

"மறச்சிருப்பேன்டி," என்றாள். "மெய்யாலுமே மறச்சிருப்பேன். உங்கம்மாவுக்குக்கூட சொல்லாம, நானே உன்ன வேலூருக்கு இட்டுக்கினு போயிருப்பேன். நாலு பேரு நாலு வெதமா பேசுவாங்கன்னு பயம். என் புத்தி அப்பிடி. ஆனா இன்னிக்கி அவன் கை வாய்க்குப் போச்சி பாரு, அதோட அந்தப் புத்தி எனுக்கு விட்டுப்போச்சி."

அருணா உள்ளே போகவில்லை. ஆனந்தன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

கோபால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். கோபம் பாதி இறங்கியிருந்தது. ஆனால் இறங்கியதைக் காட்டிக்கொள்ள அவருக்கு மனசில்லை. "எல்லாஞ் சரி. புள்ளமேல எனுக்கு ஒண்ணும் இல்ல. நோவு யாருக்கு வரல? ஆனா கை நனைக்காம எப்பிடி சம்பந்தம் பேசறது? எங்க பாட்டன் காலத்துலேருந்து இல்லாத பழக்கம். முன்னாடி வெச்ச எல, சாப்புடாம எழுந்தா என் பொண்ணுக்கு அது நல்லதா?"

நோய்க்காக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போடலாம். இது வழக்கம். வழக்கத்தோடு யார் சண்டை போடுவது? எல்லாம் போயிற்று என்றே சுந்தரம்மாள் நினைத்தாள். மகன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கீழே வைத்திருந்த கட்டைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று குனிந்தாள்.

செல்லி அந்தப் பையின் இன்னொரு காதைப் பிடித்தாள். அந்தப் பஞ்சாயத்தில் அதுவரைக்கும் வாய் திறக்காதவள்.

"இதுலதான் அந்தப் பவுடர் இக்குதா?"

"ஆமா அண்ணி."

"தண்ணி?"

"எங்கூட்லயே காய்ச்சி, ஆறவெச்சி, பாட்டில்ல கொணாந்துட்டேன்."

"ஏன், எங்கூட்ல தண்ணி இல்லியா? அடுப்பு இல்லியா?" என்று கேட்டாள் செல்லி. பிறகு புருஷனைப் பார்த்து, "எங்கூட்டுத் தண்ணிய எங்கூட்டு அடுப்புல காய்ச்சி, என் கையால கலக்கிக் குடுத்தா, அது எங்கூட்டுச் சோறு இல்லாம வேற இன்னா?" என்றாள்.

கோபால்சாமி பந்தலில் இருந்த பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

செல்லி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சமையற்கட்டு வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். சுந்தரம்மாள் பந்தலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கை நனைக்கும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு அடுப்படியில் காலடி வைப்பதில்லை. அங்கே போகிறவர்கள் அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான். என்னதான் பேசத் தெரிந்தவளானாலும் அந்தப் படியை அவளாகத் தாண்ட முடியாது.

"எனுக்கு இதக் கலக்கத் தெரியாது," என்றாள் செல்லி. வாசலில் வாங்க, உட்காருங்க என்று மரியாதையாக வரவேற்றவள், "நீ உள்ள வா," என்றாள்.

சுந்தரம்மாள் படியைத் தாண்டினாள்.

செல்லி அடுப்பில் இருந்த குழம்புத் தவலையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தை ஏற்றினாள். கொதித்தது; ஆறும்வரை இருவரும் விசிறியால் மாறி மாறி விசிறினார்கள். சுந்தரம்மாள் எப்படி அளப்பது, எப்படிக் கட்டி தட்டாமல் கலக்குவது என்று சொன்னாள். செல்லி அப்படியே கலக்கினாள். கரண்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தவள், முகம் கோணிப்போய் நின்றாள்.

"ஐயோ தெய்வமே! இதையா புள்ள மூணு வேளையும் குடிக்குது?"

"ஆமா. நாளுக்கு எத்தினியோ வாட்டி."

"நீ எதுத்தாப்புல ஒக்காந்து சோறு துன்னுவியா?"

"துன்னமாட்டேன். அவன் வெளியப் போனப்பறம் எதுனா போட்டுக்குவேன்."

"இத யாருகிட்டயும் சொல்லாம எப்பிடிடி தனியா வெச்சிக்கினு இருந்த?" என்று கேட்டாள் செல்லி. கேட்கும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் முன்னால் அழாதவள், அமிர்தி ரோட்டில் அழாதவள், முந்நூறு பொய் சொன்னபோதும் கண் கலங்காதவள், அந்த அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். செல்லி அவள் முதுகைத் தடவிவிட்டாள். பந்தலுக்குக் கேட்குமே என்று இருவரும் கவலைப்படவில்லை.

அப்புறம் செல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, புது இலை ஒன்றைப் போட்டு, அதன்மேல் வைத்தாள். ஆனந்தன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

கோபால்சாமி குனிந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து, "மாப்ள சாப்ட்டாரு! எல்லாருக்கும் எலையப் போடுங்க!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "சம்பந்தி, நீயும் வந்து ஒக்காரு. ரொம்ப நாளா வயிறார சாப்ட்டிருக்கமாட்ட," என்றார்.